வெட்டேரிக்கரையின் ஏழாவது சிலை

ரத்னா என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் வெட்டேரிக்கரையில் பாதிப் பேர் முழிப்பார்கள். சாறுக்காரம்மா என்று கேட்டால் போதும், தெற்கு வாசலில் நுழைந்து இருபது எட்டு வைத்தால் இடது கைப்பக்கம் என்று குழந்தைகூட வழி சொல்லும். பதினொரு வருஷம் அந்த ஒரே இடத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் ஒரு சாக்குத்துண்டு. எதிரே இரண்டு எவர்சில்வர் டிரம், ஒன்றில் அருகம்புல் சாறு, இன்னொன்றில் வாழைத்தண்டு. இடது முழங்கால் மடங்காது என்பதால் அந்தக் காலை மட்டும் முன்னால் நீட்டி வைத்திருப்பாள். காலையில் நடக்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்தக் காலைச் சுற்றித்தான் போவார்கள்.

அவளுக்கு அங்கே சிலை வைத்தார்கள். உயிரோடு இருக்கிற ஓர் ஏழைப் பொம்பளைக்கு இந்த ஊரில் யார் சிலை வைப்பார்கள், நல்ல காரியம்தானே என்று தோன்றும். அந்த நல்ல காரியத்தைப் போல ஓர் அயோக்கியத்தனம் அந்த வட்டாரத்தில் அதுவரை நடக்கவில்லை. அதிலும் செய்தவர்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ரத்னா அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, நாலு குடிசை தள்ளி வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மீன்பாடி வண்டி மிதித்தான். எண்பத்து மூன்றில் மஞ்சள் காமாலை வந்து ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தான். கையில் இரண்டு வயதுப் பெண், தமிழ்மொழி. ரத்னா அபிராமபுரத்தில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதில் ஒரு வீடு அனந்தராமனுடையது. அவருக்கு அப்போது வயிற்றுப் புண். டாக்டர் மாத்திரையோடு அருகம்புல் சாறும் குடிக்கச் சொன்னார். அவர் மனைவி ஜானு மாமிக்கு அருகம்புல் என்றால் பிள்ளையாருக்குச் சாத்துவது என்ற அளவில்தான் பழக்கம். ஆகவே பறித்து வந்து அரைத்துக் கொடுக்கிற வேலை ரத்னாவிடம் வந்தது. மூன்று மாதத்தில் அனந்தராமனின் புண் ஆறியது. அவர் ஏரிக்கரையில் கூட நடக்கிறவர்களிடம் சொல்ல, அவர்களுக்கும் வேண்டும் என்றார்கள். ரத்னா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனாள். இனி யார் வீட்டுப் பின்வாசலிலும் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

வேலையில் அவள் ரொம்பக் கறார். திருவான்மியூர்ப் பக்கம் வேலி போட்ட காலி மனைகளில்தான் புல் பறிப்பாள். நாய் புகுந்த தடம் தெரிந்தால் அந்த மனை அந்த மாதத்துக்குக் கிடையாது. மூன்று தண்ணீரில் அலசி, அம்மியில் அரைத்து, வெள்ளை வேட்டியில் வடிகட்டுவாள். வெறும் வயிற்றில் வருகிறவருக்கு மட்டும்தான் ஊற்றுவாள். காப்பி குடித்துவிட்டு வந்ததை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, நாளைக்கு வா சார் என்று தம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். ஒரு ரிட்டயர்டு நீதிபதியை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர் மறுநாள் ஒழுங்காக வெறும் வயிற்றோடு வந்து நின்றார். அவளிடம் திட்டு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர்.

அப்போது அந்த ஏரிக்கரை பூங்கா இல்லை. ஆகாயத்தாமரை மண்டிய தண்ணீர், கரையெல்லாம் குப்பை, நடுவில் எருமை. தன்னைச் சுற்றி இருபதடி இடத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கி மனிதர் நிற்கிற மாதிரி ஆக்கியவள் ரத்னாதான். தொண்ணூற்று நாலில்தான் மேலே இருப்பவர்களுக்கு ஏரியின் மேல் கண் விழுந்தது. தூர் வாரினார்கள், கம்பி வேலி போட்டார்கள், சுற்றிலும் சிமென்ட் கல் பதித்து நடைபாதை அமைத்தார்கள். நடக்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அனந்தராமன் அதன் செயலாளர்.

அனந்தராமன் முப்பத்து நாலு வருஷம் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவதில் புலி. அவர் எழுதிய மனு எந்த மேஜையிலும் தூங்காது என்பார்கள். சங்கத்துக்கு ஒரு செயலாளர் வேண்டுமென்றபோது வேறு பெயரை யாரும் யோசிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் நடைபாதையில் அட்டகாசம் தொடங்கியது. சாயங்காலமானால் பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டார்கள். சிலர் ஸ்கூட்டரையே உள்ளே ஓட்டினார்கள். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் லாரி லாரியாக இடிசலைக் கொட்டினார்கள். அனந்தராமன் மனு எழுதினார். இந்த மூன்றையும் மூன்று பத்தியில் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். மூன்றோடு நிற்பது அவருக்கு மொட்டையாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எழுதிய கை சும்மா இருக்குமா? நாலாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தது. மேற்படி நடைபாதையில் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ அமர்ந்தோ நின்றோ வியாபாரம் செய்யும் அனைவரையும் உடனடியாக அப்புறப்படுத்தித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். இதை எழுதும்போது அவர் நினைப்பில் ஓர் ஆள்கூடக் கிடையாது. எழுதி முடித்துவிட்டு, மறுநாள் காலை அதே பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் ரத்னாவிடம் சாறு வாங்கிக் குடித்தார்.

நூறு கையெழுத்து வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு. எழுபத்திரண்டில் நின்றது. ரத்னாவும் நம்மோடு சேர்ந்தவள்தானே, அவளும் போடட்டுமே என்று சொன்னதே அனந்தராமன்தான். ரத்னாவுக்கு உச்சி குளிர்ந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் தமிழ்மொழி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதவைத்து, அம்மாவைக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு ஏற்றியிருந்தாள். ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அதைப் போட்டுக் காட்ட வாய்ப்பு வரவில்லை. இன்னா சார் எழுதிக் கீது என்று கேட்டாள். அனந்தராமன் முதல் மூன்று பத்தியை உரக்கப் படித்தார். அதற்குள் நாலு பேர் தம்ளரை நீட்டிவிட்டார்கள். குடிகாரனையும் ஸ்கூட்டர்க்காரனையும் துரத்துவதென்றால் அவளுக்குச் சந்தோஷம்தான், தினம் பாட்டில் சில்லைப் பொறுக்குவது அவள்தானே. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுபத்து மூன்றாவதாக ஆர். ரத்னா என்று எழுதினாள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, நிதானமாக எழுதினாள்.

மனு போன கையோடு சிலை யோசனை வந்தது. ஒரு கம்பெனி பணம் தருவதாகச் சொன்னது. ஏரியைச் சுற்றி நடைபாதை ஓரமாக ஏழு சிலை, கலைப் பாதை என்று பெயர். நாரை, பட்டம் விடும் பையன், வீணை, பரதநாட்டியப் பெண், யோகாசனம் செய்யும் ஆள், தாயும் குழந்தையும் என்று ஆறு முடிவாயிற்று. ஏழாவதற்கு யாரோ, நம்ம சாறுக்காரம்மாவை வைத்தால் என்ன என்றார்கள். கூட்டம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. இடம் எது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவள் உட்காரும் இடத்திலேயே வைத்தால்தான் இயல்பாக இருக்கும் என்றார்கள்.

சங்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடி அந்தச் சிலையைப் பற்றிப் பேசியது. பொட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், மூக்குத்தி ஒற்றைக் கல்லா, புடவைக்கு வர்ணம் அடிப்பதா சிமென்ட் நிறத்தில் விடுவதா, தம்ளரில் பச்சைச் சாறு தெரிய வேண்டுமா என்றெல்லாம் வாதம். ஒரு நாள் பொட்டுக்காகவே ஒன்றரை மணி நேரம் போயிற்று. சிலை வந்த பிறகு அந்த அம்மா எங்கே உட்காருவாள் என்று படித்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

சிலை செய்ய வந்தவன் பஞ்சாட்சரம். மயிலாப்பூர்க்காரன். கோபுரத்தில் பொம்மை செய்கிற கை, வயிற்றுப்பாட்டுக்காகப் பூங்காப் பூங்காவாக வாயைப் பிளந்து நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி செய்துகொண்டிருந்தது. நாலு நாள் காலையில் அவள் எதிரே குந்தி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள், அந்த முட்டிக்காலை மட்டும் மடக்கி வைத்துவிடு என்று ரத்னா கேட்டுக்கொண்டாள். அதை மடக்கினால் அது நீ இல்லையே யக்கா என்றான் அவன். கம்பி கட்டி, செங்கல் துண்டு அடுக்கி, சிமென்ட் பூசி அவன் இழைத்ததைப் பார்த்து ரத்னா கொஞ்சம் பயந்தே போனாள். கன்னத்துத் தொய்வு, ஒரு பக்கம் இறங்கிய உதடு, காப்பி குடித்துவிட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை, எல்லாம் அப்படியே இருந்தது. அஸ்திவாரம் போட்ட பத்து நாளும் அவள் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து விற்றாள். வேலை முடிந்ததும் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள்.

தொண்ணூற்று ஆறு, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ரத்னாவை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்பெனிக்காரர் உழைக்கும் பெண்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஜானு மாமி தன் கையால் அவள் தலையில் பூ வைத்தாள். வடக்கு வாசலில் இளநீர் விற்கும் பீர் முஹம்மது கூட்டத்தில் நின்று பலமாகக் கைதட்டினார். ரத்னாவுக்கு அழுகை வந்தது. அந்தக் குடிசையிலிருந்து அப்படி ஒரு நாளைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. சந்தோஷப்பட்டாள், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. காக்கி போட்ட நாலு பேர் இறங்கினார்கள். பெயின்ட் டப்பா, இரண்டு டிரம், தம்ளர் கூடை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். சாறு வழிநெடுகக் கொட்டியது. ஆர்டர் என்று ஒரே வார்த்தை. வடக்கு வாசலில் பீர் முஹம்மதுவின் தள்ளுவண்டியும் இளநீரும் அரிவாளும் அதே லாரியில் ஏறின. தம்ளரும் கையுமாக நின்றவர்கள் தம்ளரை வேலி ஓரமாக வைத்துவிட்டு, இதென்ன அநியாயம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்கள்.

ரத்னா, தி. நகரில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் மகளை அன்றைக்கு லீவு போடவைத்து, கூட்டிக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனாள். பீர் முஹம்மதுவும் வந்தார். அங்கே இருந்த அதிகாரி கத்தவில்லை, விரட்டவில்லை. ஒரு கோப்பைத் திறந்து மேஜையில் திருப்பி வைத்து, பொதுமக்களே கேட்டுக்கொண்டதுதான், நாங்களாக ஒன்றும் செய்யவில்லை என்றார். பிறகு பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"எழுபத்து மூணு. இது உன் கையெழுத்துதானேம்மா?"

அவளுடையதுதான். இடைவெளி விட்டு எழுதிய அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். தமிழ்மொழி நாலாவது பத்தியை வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பீர் முஹம்மது கடைசி வரை கேட்டுவிட்டு ரத்னாவைப் பார்த்தார்.

"எட்டு வருசமா அங்க நிக்கிறேன். நீயே என்னை எழுதிக் குடுத்துட்டியேம்மா" என்றார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரத்னாவுக்கு அந்த நிமிஷம் எழுந்த கோபம் அவள் ஆயுசில் அதற்கு முன் வந்ததில்லை. புருஷன் செத்தபோதுகூட அழுகைதான் வந்தது. இது வேறு. நேராக அபிராமபுரம் போனாள். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டுக்குப் போகிறாள், பின்வாசல் பக்கம் திரும்பவில்லை. முன்வாசல் மணியை அடித்தாள். அனந்தராமன் பதறிப் போய் உள்ளே கூப்பிட்டார். மனுஷனுக்கு விஷயம் காதில் விழுந்திருந்தது. உட்காரச் சொன்னார், ஜானு மாமி மோர் கொண்டுவந்தாள். ரத்னா உட்காரவும் இல்லை, மோரைத் தொடவும் இல்லை.

"நாலாவதா இன்னா எழுதிக்கீற சார்? அத்த ஏன் எனுக்குப் படிச்சுக் காட்டல?"

அது ஒரு வழக்கத்துக்கு எழுதுவது, எல்லா மனுவிலும் அப்படித்தான் வரும் என்றார் அனந்தராமன். அதை வைத்து நடவடிக்கை எடுப்பார்கள் என்று அவர் சொப்பனத்திலும் நினைக்கவில்லையாம். அவருடைய மனு தூங்காது என்ற பெருமையை மட்டும் இத்தனை வருஷமாக வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:

"சத்தியமா சொல்றேன் ரத்னா, உன்னை நான் வியாபாரின்னே நினைக்கலை. எங்காத்து மனுஷியாத்தான் நினைச்சிண்டிருக்கேன்."

"பதினோரு வருசமா டிரம்ம வச்சிக்கினு வெயில்ல குந்திக்கீறேன். துட்டு வாங்கிக்கினுதான் ஊத்தறேன். வியாபாரி இல்லன்னா நான் வேற இன்னா சார்?"

அவளை அவர் தினமும் பார்த்தார், அவள் கையால் குடித்தார், அவளுக்குச் சிலையும் வைத்தார். அவள் பிழைப்பு நடத்துகிறாள் என்ற சின்ன விஷயம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. ஜானு மாமி சமாதானமாக ஒரு வழி சொன்னாள். பூங்கா போனால் போகட்டும், தினம் ஆத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயேன், தெருவில் பத்து ஆத்துக்காராள் வாங்கிப்பாள், பின்பக்கமா வந்தா நேரே சமையலுள்தான் என்றாள். மாமி நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். மடங்காத காலோடு பத்து வீட்டுப் பின்வாசல் ஏறி இறங்குவதை அந்த நல்லெண்ணம் யோசிக்கவில்லை. ரத்னா படி இறங்கினாள்.

அனந்தராமன் மறுபரிசீலனை கேட்டு ஒரு மனு போட்டார். புலி எழுதிய மனுதான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கலைப் பாதையில் சிற்பங்களின் அருகே எவ்வித வியாபாரத்தையும் அனுமதிக்க இயலாது, சிற்பங்களின் அழகு கெடும் என்றிருந்தது. தமிழ்மொழி அதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தன் சிலையின் அழகு தன்னால் கெடும் என்பது ரத்னாவுக்கு முதல் தடவையில் ஏறவில்லை.

மறுநாள் காலை நடக்க வந்தவர்கள் தெற்கு வாசலில் கூட்டமாக நின்றுவிட்டார்கள். ஏழாவது சிலையின் தலை முதல் இடுப்பு வரை ஒரு பழைய கத்தரிப்பூ நிறப் புடவை சுற்றி, கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தது. பக்கத்தில் வெறுந்தரையில் ரத்னா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விற்பதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. சங்கத்தில் இரண்டு பேர் கயிற்றில் கை வைக்க வந்தார்கள்.

"கைய எடு. இது என் மூஞ்சி" என்றாள். "நான் இங்க குந்தக் கூடாதுன்னா என் மூஞ்சியும் இங்க குந்தக் கூடாது."

அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்தார். அவள் எதையும் விற்கவில்லை. நடக்கிற வழியையும் மறிக்கவில்லை. சிலையில் ஒரு கீறல்கூட இல்லை. தன் முகத்துக்குத் தானே முக்காடு போட்டால் எந்த விதியில் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் பார்ப்போம் என்று போய்விட்டார். ரத்னா இரண்டு நாளும் விடிந்தது முதல் பூங்கா மூடும் வரை அங்கேயே இருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் தமிழ்மொழி சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனாள். எதிரே நடந்து போனவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் ஏரியின் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, இவ்வளவு செய்தும் இவர்களுக்கு நன்றி கிடையாது பார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் பதினொரு வருஷமும் அவள் சாற்றைக் குடித்தவர்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சங்கம் அவசரமாகக் கூடியது. பணம் கொடுத்த கம்பெனி, தன் பெயர்ப்பலகைக்கு மேல் கிழிசல் புடவை தொங்குகிறது என்று கோபித்துக்கொண்டிருந்தது. அவளை உட்கார விடுவோம் என்று யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. சிலையை எடுத்துவிடலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. முகம்தானே தகராறு, அதை மாற்றிவிட்டால் போயிற்று என்று ஒரு புத்திசாலி சொன்னார். அது ஒரு குறிப்பிட்ட ஆளாக இல்லாமல் பொதுவான ஒரு பெண்ணாக இருக்கட்டும் என்றார். ஏகமனதாக நிறைவேறியது. பொதுவான பெண்ணுக்கு எந்த ஊரில் முகம் இருக்கிறது என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை. தீர்மானத்தை அழகான தமிழில் எழுதிக் கொடுத்தது அனந்தராமன்.

மூன்றாம் நாள் காலை பஞ்சாட்சரம் வந்தான். ஒரு கையில் உளியும் சுத்தியும், மறு கையில் குழைத்த சிமென்ட் சட்டி. பின்னால் அனந்தராமனும் சங்கத்தார் சிலரும் வந்தார்கள். பஞ்சாட்சரம் அவள் எதிரே குந்தினான். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"முடியாதுன்னு சொல்லிட்டேன் யக்கா. வேற ஆள வச்சு செய்றோம்னாங்க. அவன் வந்தா மண்டையவே பேத்துருவான். அதான் நானே வந்தேன்" என்றான்.

"உன்ன இன்னா சொல்றது? வேலயப் பாரு" என்றாள் ரத்னா.

அவளே எழுந்து கயிற்றை அவிழ்த்தாள். புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சாட்சரம் முதலில் மூக்குத்தியைப் பெயர்த்தான். பிறகு மூக்கு. கன்னத்துத் தொய்வைச் சிமென்ட் வைத்து நிரப்பினான். இறங்கிய உதட்டை ஏற்றி நேராக்கினான். கண்ணுக்கு வந்தபோது அவன் கை ஓடவில்லை. யக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கயேன் என்றான். அவள் திரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வழவழவென்று ஒரு முகம், அதில் லேசாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவள் சாதியிலும் இல்லை, அனந்தராமன் வீட்டிலும் இல்லை. காலண்டர்களில் மட்டும் இருக்கும். முழங்காலைப் பற்றித் தீர்மானத்தில் எதுவும் இல்லாததால் அது நீட்டியபடியே இருந்தது.

ரத்னா எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு அனந்தராமனிடம் திரும்பினாள். இனி அது நீ இல்லை ரத்னா, உனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இந்தச் சண்டை இதோடு போகட்டும் என்று அவர் மெல்லச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. ரத்னா தலையாட்டினாள்.

"சரி சார். என் மூஞ்சிய அழிச்சிட்ட. அந்த மாதிரியே அந்தப் பேப்பர்ல கீற என் கையெழுத்தயும் அழிச்சுக் குடுத்துரு. அத்தக் காட்டித்தான் பாய் வண்டியத் தூக்கினாங்க. அவரு இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசல."

அனந்தராமன் திகைத்துப் போனார். பிறகு முப்பத்து நாலு வருஷப் பழக்கம் அவரை அறியாமல் பேசியது.

"அதெப்படி முடியும்? அது கோப்புல ஏறிடுத்தே. ரெகார்டும்மா அது, யாரும் தொட முடியாது."

"அப்ப என் மூஞ்சி ரெகார்டு இல்லியா சார்?"

பஞ்சாட்சரம் சட்டியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் கை கழுவப் போனான். சங்கத்தார் ஒவ்வொருவராக நடைபாதையில் ஏறினார்கள். ரத்னா, தான் பதினொரு வருஷம் உட்கார்ந்த அந்த இடத்தில், சிலையின் காலடியில், போய் உட்கார்ந்தாள். அதிகாரி சொன்ன இரண்டு நாள் முடிந்திருந்தது. ஏழரை மணிக்கு லாரி வந்தது. எழுந்திரு என்றார்கள், எழுந்திருக்கவில்லை. காக்கி போட்ட நாலு பேரும் சேர்ந்துதான் அவளைத் தூக்க வேண்டியிருந்தது.